டிக்கியில் தண்ணீர்: சிலிக்கான் டியூபை எடுப்பதற்கு முன்

காரின் டிக்கி ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் முதலில் அதன் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மாற்றுவார்கள். அடுத்த மழையில் ஸ்டெப்னி குழியில் மறுபடியும் தண்ணீர் நிற்கும். பிறகு சிலிக்கான் டியூப் வரும், கண்ணில் படும் இடுக்கிலெல்லாம் பூசுவார்கள். ஒழுகல் நிற்காது. அது எங்கிருந்து வருகிறது என்று காட்டக்கூடிய தடங்கள்தான் மறைந்துபோகும்.

தண்ணீர் நிற்கும் இடம்தான் நுழையும் இடம் என்று நம்புவதில் தொடங்குகிறது இந்தக் குழப்பம். டிக்கியிலேயே தாழ்வான இடம் ஸ்டெப்னி குழி. கூரையில் புகுந்த நீரும், கூரையைத் தாங்கும் பின்தூணுக்குள் வயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கடைசியில் அங்கேதான் சேரும். வலப்பக்கம் புகுந்த நீர், வண்டி சாய்ந்து நின்ற வாட்டத்துக்கு ஏற்ப இடப்பக்கத்திலும் தெரியலாம்.

விரிப்பையும் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடிகளையும் கழற்றாமல் தேடுவது இன்னொரு வீண்வேலை. ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, தகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். தூசியில் நீர் ஓடிய கோடு, மெல்லிய துருத்தடம், காய்ந்த வெள்ளைப் படிவு எதுவானாலும் அதைப் பிடித்து மேல்நோக்கிப் போகவேண்டும். கூரையோர ஏர்பேக் உள்ள வண்டிகளில் பின்தூண் மூடியைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சோதனைக்குப் பிரஷர் வாஷர் உதவாது. அந்த அழுத்தம் நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போய்விடும், ஒழுகாத இடமும் ஒழுகுவதாகத் தோன்றும். சாதாரண ஹோஸில் மெதுவாக நீரை வழியவிட்டால் போதும். கூரையிலிருந்து தொடங்கினால் ஒரே நேரத்தில் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது. பம்பர் மட்டத்தில் தொடங்கி, டெயில் லேம்ப், டிக்கி விளிம்பு, பின்கண்ணாடி, கடைசியாகக் கூரை என்று ஏறுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து நிமிடமாவது கொடுக்கவேண்டும். இரண்டு நிமிடம் ஊற்றிவிட்டு 'இங்கே இல்லை' என்று நகர்ந்துவிட்டால் தவறவிடுவீர்கள், மெல்லிய கசிவு உள்ளே வந்துசேர நேரம் பிடிக்கும்.

உள்ளே காய்ந்த தகரத்தில் டால்கம் பவுடரைத் தூவி வைத்தால் ஒரு சொட்டு இறங்கினாலும் கோடு விழும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஆனால் பின்சீட்டை மடக்கி, வெளியேற வழி வைத்துக்கொண்டு, சாவியை வெளியே இருப்பவரிடம் கொடுத்த பிறகுதான்.

டெயில் லேம்பைச் சுற்றி நீரை அடைக்கும் நுரை கேஸ்கெட் வயதாகித் தட்டையாகிவிடும். ஒழுகலுக்கு இது மிகப் பொதுவான காரணம். நட்டை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று முறுக்குவதில் லேம்பின் பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும், கேஸ்கெட் செலவு புது லேம்ப் செலவாகிவிடும். பழைய நுரையைச் சுரண்டி, தகரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய கேஸ்கெட்டோ பியூட்டைல் டேப்போ (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வையுங்கள். நட்டுகளை மாற்றி மாற்றி, விரலால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரில் சிறிதளவு மட்டும் திருப்பினால் போதும்.

பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துளைகளைப் பலருக்குத் தெரியவே தெரியாது. கதவை மூடும்போது உள்ளே அடைபடும் காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான். மெல்லிய ரப்பர் மடல்கள் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். அவற்றின் சட்டத்தைச் சுற்றியுள்ள நுரை நைந்தால், பின்சக்கரம் வாரியடிக்கும் நீர் உள்ளே வரும். மழையில் நிறுத்தி வைத்தால் காய்ந்திருந்து, மழையில் ஓட்டினால் மட்டும் நனைகிறதென்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழவேண்டும். சரிசெய்ய வேண்டியது சட்டத்தின் ஓரத்தை மட்டும். மடல்களோடு சேர்த்துப் பூசி அடைத்துவிட்டால் கதவு சாத்த முரண்டு பிடிக்கும், கண்ணாடியில் ஆவி படியும்.

கூரையோரப் பள்ளத்தில் தகரங்கள் சேரும் இணைப்பை அடைத்திருக்கும் பூச்சான சீலன்ட் வெடிப்பதும் உண்டு, மேலே பிளாஸ்டிக் பட்டை மூடியிருப்பதால் கண்ணில் படாது. ஆன்டெனா அடிப்பகுதி, மூன்றாவது பிரேக் லைட், ஸ்பாய்லர் போல்ட் துளைகள் ஆகியவற்றையும் பாருங்கள். பின்வைப்பர் உள்ள வண்டியில் மழையே இல்லாமல் ஈரம் வந்தால், வாஷரை ஓடவிட்டுக் கீல் அருகே உள்ள குழாயைக் கவனியுங்கள். அது கழன்றிருந்தால் உள்ளேயே ஊற்றும். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்திருந்தால் காற்றுக் கம்பிரசரால் ஊதாதீர்கள், உள்ளே இணைப்பு கழன்றுவிடும். மென்மையான நைலான் இழையை நுழைத்துச் சுத்தம் செய்து, 100 மில்லி நீர் ஊற்றி வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள்.

பீடிங்மீது சந்தேகம் இருந்தால் ஒரு காகிதத் துண்டை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு பிடிக்கவேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங்கை மாற்றும் முன் லாக்கின் வளையத்தையும் ரப்பர் ஸ்டாப்பர்களின் உயரத்தையும் சரிசெய்து பாருங்கள். பல நேரம் அதுவே போதும். ரப்பரில் எண்ணெய், கிரீஸ் தடவினால் உப்பிக் கெட்டுப்போகும். சிலிக்கான் ஸ்பிரே மட்டும்.

சிலிக்கான் டியூபுக்கு வருவோம். புளிக்காடி (வினிகர்) வாடை வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், வெற்றுத் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பெயின்டும் பிடிக்காது, வேறு சீலன்டும் பிடிக்காது. தகர இணைப்புக்குத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீம் சீலன்ட் பூசுவதுதான் முறை. அதுவும் வெளிப்பக்கத்தில். உள்ளிருந்து பூசினால் நீர் இணைப்புக்குள்ளேயே தங்கித் தகரத்தைத் தின்னும்.

குழியின் அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு 'வடிந்துவிடும்' என்று ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் துளை வழியாகச் சாலை நீரும் புகைக்குழாய்ப் புகையும் உள்ளே ஏறும்.

ஒழுகலை அடைத்த பிறகு விரிப்பின் மேற்பரப்பைத் துடைத்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அடியிலுள்ள நுரை நாள்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும், நாற்றமும் துருவும் அங்கிருந்துதான் வரும். வெளியே எடுத்து நிழலில் ஃபேன் காற்றில் முழுக்கக் காயவையுங்கள். விரிப்பு இல்லாமலே ஹோஸ் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்துவிட்டு, பிறகு மூடிகளைப் பூட்டுங்கள்.