டே கேர் கட்டணம்: கணக்கில் எங்கே தவறுகிறோம்?

பேறுகால விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது பல வீடுகளில் ஒரு ராத்திரி இந்தப் பேச்சு வந்துவிடும். டே கேருக்கு இவ்வளவு, அம்மாவின் சம்பளம் இவ்வளவு, கழித்தால் கையில் நிற்பது இவ்வளவுதான், இதற்காகவா பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும்? கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கழித்தலிலேயே தவறு இருக்கிறது, நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் நடக்கும் ஆகப் பெரிய தவறும் அதுதான்.

ஏன் அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறோம்? வீட்டு வாடகையை யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லையே. இருவருக்கும் சம்பளம் 100, 100 என்று வைத்துக்கொள்வோம், டே கேருக்கு 60. அம்மாவின் 100-இல் கழித்தால் மிச்சம் 40, "இந்த 40-க்கா இவ்வளவு பாடு" என்று மனசு விட்டுப்போகும். இருவருடைய 200-இல் கழித்தால் 140 நிற்கிறது, வேலையை விட்டால் நிற்பது 100. கையில் நிற்கும் வித்தியாசம் இரண்டு வழியிலும் அதே 40-தான், ஆனால் முதல் கணக்கு ஒருவர் வேலைக்குப் போவதையே வீண் வேலையாகக் காட்டுகிறது, இரண்டாவது அதைக் குடும்பத்தின் செலவாகக் காட்டுகிறது.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டணம் கழுத்தை நெரிப்பது குழந்தை பள்ளிக்குப் போகும்வரை, அதாவது மூன்று நான்கு வருடம். சம்பளம் வருடத்துக்கு 7 சதவீதம் ஏறினால் இன்றைய 100 நான்கு வருடத்தில் 131 ஆகும். நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவருக்குப் பழைய 100 கிடைப்பதே பல துறைகளில் கஷ்டம், அந்த 31-ம் அதன்மேல் ஏறவேண்டியதும் ஓய்வுக்கால சேமிப்பில் சேரவேண்டியதும் அதற்கப்புறம் வருடா வருடம் கிடைக்காமலே போகும். 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியதும் இதைத்தான்: பணக்கார நாடுகளில் ஆண் பெண் சம்பள வித்தியாசத்தில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்ததும் உண்டாவது. குழந்தையோடு வீட்டில் இருக்க ஆசைப்பட்டு ஒருவர் வேலையை விட்டால் அது வேறு விஷயம், அந்த ஆசைக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. இருக்க ஆசைப்படுகிற அப்பாக்களுக்கும் அதேதான். வேலையை விட மனசில்லாத ஒருவர் ஒரு தப்புக் கழித்தலை நம்பி அதை விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, ஏன் இவ்வளவு கட்டணம்? கொள்ளை அடிக்கிறார்கள் என்று நினைப்பதும், எங்கே குறைவோ அங்கே சேர்ப்பதும் அடுத்த தவறு. இங்கிலாந்தில் காப்பகங்களுக்கு உள்ள விதியைப் பாருங்கள்: 2 வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். அப்படியானால் ஒருவருடைய முழுச் சம்பளத்தை மூன்று குடும்பங்கள் பகிர்கின்றன, இடத்து வாடகை, கரண்ட், சோப்பு எல்லாம் அதற்குமேல். இயந்திரம் வைத்து இதைச் சுருக்க முடியாது, பத்துக் குழந்தைகளை ஒரே நேரத்தில் தூக்கி ஏப்பம் விடவைக்கும் வித்தையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மற்ற தொழில்களில் உற்பத்தி பெருகிச் சம்பளம் ஏறும்போது, உற்பத்தி பெருக வழியே இல்லாத இந்த வேலைக்கும் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நிற்காது. வில்லியம் பௌமல் என்ற பொருளாதார அறிஞர் 1960-களிலேயே இசைக் கச்சேரியை வைத்து இதை விளக்கினார்: நான்கு பேர் வாசிக்க வேண்டிய பாட்டுக்கு எந்தக் காலத்திலும் நான்கு பேரும் அதே நேரமும் வேண்டும். ஆகவே ஓரிடத்தில் கட்டணம் ரொம்பக் குறைவென்றால் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆளைத்தான்.

இது தெரிய வேண்டுமானால் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள், அப்போது எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். நான் ஓரிடத்துக்குச் சொல்லாமல் மாலை ஐந்தேகாலுக்குப் போனேன். பதினொரு குழந்தைகள், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயாம்மா. ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மடியில் இருந்த குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார், வாசலில் பெற்றோர் யாரோ மணி அடித்ததும் இரண்டையும் விட்டுவிட்டு எழுந்து போனார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அவருக்கு இன்னும் இரண்டு பேர் துணை இருந்திருக்க வேண்டும். பிறகு சேர்த்த இடத்தில் கட்டணம் கூடுதல், ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு, எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு நேரம் தூக்கம், டயபர் எத்தனை முறை என்று அவரவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுத நேரம் இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதும் தவறு. சேர்க்கைக் கட்டணம், முன்பணம், தாமதமாகக் கூட்டிப்போனால் கூடுதல் பணம், டயபர் யார் வாங்குவது, அவர்கள் மூடும் நாட்களுக்கும் பணம் உண்டா, நிறுத்த எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை வராத நாளுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. மாதம் 22 வேலை நாள், அதில் 2 நாள் அவர்கள் மூடுகிறார்கள், 4 நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் உண்மையில் வாங்குவது 16 நாள். கட்டணத்தை 16-ஆல் வகுங்கள், அதுதான் விலை.

அந்த 4 நாள் மிகை இல்லை. முதன்முதலாக மற்ற குழந்தைகளோடு சேரும்போது முதல் சில மாதங்கள் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும், எங்கள் குழந்தை முதல் மூன்று வாரத்தில் போனது ஏழே நாள். காய்ச்சல் மருந்தில்லாமல் இறங்கி 24 மணி நேரம், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அனுப்பக்கூடாது என்று பல இடங்களில் விதி வைத்திருப்பார்கள், அது சரியான விதியும்கூட. விடுப்பு முடியும் அன்றே சேர்க்காமல் இரண்டு வாரம் முன்னதாகவே சேர்த்து ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள் என்று பழக்குங்கள். யார் எந்த நாள் விடுப்பு எடுப்பது என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அது தானாக அம்மாவின் தலையில்தான் விழும்.

தாத்தா பாட்டி இருந்தால் செலவே இல்லை என்கிறார்கள். அறுபத்தைந்து வயதில் ஒன்பது கிலோவை நாள் முழுக்கத் தூக்கி இறக்குகிறவரின் இடுப்பு வலி யார் கணக்கில் வருகிறது? முடியுமா என்று கேளுங்கள், வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள், "முடியாது" என்று சொல்ல இடம் கொடுத்துக் கேளுங்கள்.

வீட்டோடு ஆள் வைக்கிறவர்கள் செலவு தாங்காமல் கைவைப்பது அந்த ஆளின் சம்பளத்திலும் விடுமுறையிலும்தான். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. அது நியாயம், அதோடு நமக்கும் நல்லது. களைத்துப்போனவர் கையில் குழந்தை இருப்பது யாருக்கும் நல்லதல்ல, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் ஒவ்வொரு முறையும் குழந்தை முதலிலிருந்து அழுது பழக வேண்டும். நேரம், வேலை, சம்பளம், விடுமுறை நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கேட்காமலே இருந்துவிடுவது. ஒருவர் காலை ஏழு மணிக்கும் மற்றவர் பத்து மணிக்கும் வேலை தொடங்க அலுவலகம் சம்மதித்தால் காப்பக நேரம் தினமும் மூன்று மணி குறையும், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடமானால் அது பெரிய தொகை. அலுவலகம் காப்பகம் நடத்துகிறதா, கட்டணத்தில் பங்கு தருகிறதா, உங்கள் நாட்டில் இதற்கு வரிச்சலுகையோ அரசு உதவியோ உண்டா என்று சேர்ப்பதற்கு முன்பே விசாரியுங்கள். அதற்கெல்லாம் ரசீது கேட்பார்கள். முதல் மாதத்திலிருந்தே வாங்கி வையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பழைய தேதி போட்டுக் கேட்டால் தர யோசிப்பார்கள்.