டாம்கேட்டுக்கு மெமரி கூட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

8 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் சர்வர். அதில் ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட், மெமரி போதவில்லை என்று விழுகிறது. உடனே ஜாவாவின் மெமரி வரம்பான எக்ஸ்எம்எக்ஸ் (-Xmx) மதிப்பை 8 ஜிபி ஆக்கிவிடுவார்கள் பலர். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை.

எக்ஸ்எம்எக்ஸ், ஜாவா ஆப்ஜெக்டுகள் இருக்கும் ஹீப்புக்கு மட்டும்தான் வரம்பு. மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள்), கோட் கேஷ் (கம்பைல் ஆன கோட்), டைரக்ட் பஃபர் (ஹீப்புக்கு வெளியே உள்ள டேட்டா) எல்லாம் அதற்கு வெளியே இடம் பிடிப்பவை. ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் த்ரெட் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாக் என்ற தனி மெமரி வேறு. 64 பிட் லினக்ஸில் வழக்கமாக 1 எம்பி வரை. டாம்கேட் இயல்பாகவே 200 த்ரெட் வரை போகும். அதே மெஷினில் டேட்டாபேஸும் ஓடினால் கேட்கவே வேண்டாம். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கர்னலின் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் ஜாவாவைக் கொன்றுவிடும். டாம்கேட் லாகில் ஒரு வரிகூட இருக்காது, கர்னல் லாகில்தான் தடயம் கிடைக்கும். 8 ஜிபி மெஷினில் நான் 4 ஜிபியில் தொடங்கி, சில நாள் கவனித்துவிட்டுத்தான் ஏற்றுவேன்.

அதற்கும் முன்பு பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்றிருந்தால் சரி, எக்ஸ்எம்எக்ஸ் பக்கம் போகலாம். நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை என்றிருந்தால் ஹீப்பைக் கூட்டுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். த்ரெட் ஏன் பெருகுகிறது, யூலிமிட் (லினக்ஸ் ஒரு யூசருக்கு வைக்கும் வரம்பு) எவ்வளவு என்று பாருங்கள். எவ்வளவு கூட்டினாலும் சில நாளில் நிரம்பிவிடுகிறதா? அது லீக், அதாவது தேவையில்லாத ஆப்ஜெக்டுகள் விடுபடாமல் தேங்குவது. ஹீப் டம்ப் (ஹீப்பில் இருப்பதன் நகல்) எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

அப்புறம், எக்ஸ்எம்எக்ஸை எங்கே எழுதுவது? டாம்கேட்டைத் தொடங்கும் கேட்டலினா.எஸ்ஹெச் ஃபைலில் கைவைத்தால் அடுத்த அப்கிரேடில் போய்விடும். டாம்கேட்டின் பின் (bin) ஃபோல்டரில் செட்என்வி.எஸ்ஹெச் என்று ஒரு ஃபைல் உருவாக்கி, கேட்டலினா_ஆப்ட்ஸ் வேரியபிளில் போடுங்கள். ஜாவா_ஆப்ட்ஸில் போட்டால், டாம்கேட்டை நிறுத்தும் கமாண்டுக்காகக் கிளம்பும் குட்டி ஜாவாவும் அதே அளவு ஹீப் கேட்கும். ஏற்கெனவே திணறும் மெஷினில் நிறுத்தவும் முடியாமல் தவிக்க நேரிடும்! பாஷ்ஆர்சியில் (யூசரின் ஷெல் செட்டிங் ஃபைல்) எழுதியது, லினக்ஸின் சர்வீஸ் மேனேஜரான சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும் டாம்கேட்டுக்குப் போய்ச்சேராது.

ரேம் தாராளமாக உள்ளவர்களுக்கு ஒன்று: ஹீப் 32 ஜிபியைத் தொட்டால் ஜாவா பாயின்டர்களை (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டுபவை) சுருக்கி வைப்பதை நிறுத்திவிடும். 31 ஜிபியில் அடங்கியது 33 ஜிபியில் அடங்காமல் போகலாம்.

ரீஸ்டார்ட் செய்ததும் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டில் எக்ஸ்எம்எக்ஸ் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இரண்டு இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும்.