மணிகள் எங்கே போயின?

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா 25 மைக்ரோலிட்டரில் ஐஎல்-6, ஐஎல்-10, டிஎன்எஃப்-ஆல்ஃபா எனப் பல சைட்டோகைன்களை (நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்களை) ஒன்றாக அளக்கும் மல்டிபிளெக்ஸ் சோதனை அது. ஒவ்வொரு புரதத்தையும் பிடிக்கத் தனிச் சாயம் ஏறிய நுண்ணிய காந்த மணிகள். வகைக்கு 50 மணியாவது எண்ணப்பட்டால்தான் அளவை நம்பலாம். எனக்குச் சோதனைத் தட்டின் சில குழிகளில் 12, 9 என்றே வந்தது. வயிற்றைக் கலக்கியது.

அளவு தெரிந்த கரைசல் வைத்த ஸ்டாண்டர்டு குழிகள் சரியாகவே இருந்தன. அப்படியென்றால் கருவியில் கோளாறு இல்லை, மாதிரியில்தான். மாதிரி உருகிய குழாயை விளக்குக்கு நேரே பிடித்தேன். உள்ளே வெள்ளையாக, சிலந்தி நூல் போல ஓர் இழை! ஃபைப்ரின், ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை. மணிகள் அதில்தான் சிக்கியிருக்கின்றன.

அடுத்த முறை மைனஸ் 80 டிகிரியிலிருந்து எடுத்த மாதிரிகளை ஐஸில் உருக்கி, மையவிலக்கியில் 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றினேன். மேலே மிதக்கும் கொழுப்பையும் அடியில் படிந்ததையும் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் எடுத்தேன். மணிகளையும் ஊற்றுவதற்குச் சற்று முன்பு நன்றாக வோர்டெக்ஸ் செய்தேன், அதாவது அதிர வைத்துக் கலக்கினேன். எல்லாக் குழியிலும் 70-க்கு மேல் வந்தது.

ஒருமுறை உருகிய குழாயை மறுபடி பயன்படுத்தவில்லை. உறைந்து உருகினால் சில சைட்டோகைன்களின் அளவு மாறிவிடும். நல்லவேளை, முதலிலேயே சிறு பங்குகளாகப் பிரித்து வைத்திருந்தோம். யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தம், வீணாகவில்லை.