இரத்ததானத்தில் நாம் செய்யும் தவறுகள்

"இரத்தம் அவசரம்" என்று கைத்தொலைபேசியில் செய்தி வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிற மனம் திருகோணமலையில் பலருக்கு உண்டு. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வியர்வை வடிய வந்து இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனத்தை வணங்குகிறேன். ஆனால் செய்தி வரட்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு.

நம் கையிலிருந்து எடுக்கும் இரத்தம் நேரே நோயாளிக்கு ஏறுவதில்லை. எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் பி, சி வைரஸ்கள், சிபிலிஸ், மலேரியா எல்லாவற்றுக்கும் அதைப் பரிசோதிக்க வேண்டும். கூறுகளாகப் பிரிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றில் இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. முகம் தெரியாத ஒருவர் போன வாரமே கொடுத்து, இரத்த வங்கியின் குளிர்பெட்டியில் காத்திருக்கும் பைதான் அவளைக் காப்பாற்றும்.

ஊரே ஒரே நாளில் திரண்டு கொடுப்பதும் போதாது. 450 மில்லிலீற்றர் கொண்ட ஒரு பையிலிருந்து பிரித்த செங்குழியங்கள் ஐந்தாறு வாரம் தாங்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பெரிதும் தேவைப்படும் குருதிச் சிறுதட்டுகளுக்கோ, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் நுண்துகள்களுக்கோ, ஐந்தே நாள் ஆயுள். உறைய வைத்த பிளாஸ்மா எனும் இரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டுமே மாதக்கணக்கில் இருக்கும். தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்தப் பிள்ளையின் தேவைக்கு விழா நாள், விடுமுறை நாள் தெரியாது. ஆகவே நான்கு மாத இடைவெளி விட்டு, முறையாகக் கொடுத்து வாருங்கள்.

வெறும் வயிற்றோடு வருவது அடுத்த தவறு. பாடசாலை மண்டபமொன்றில் நடந்த முகாமில், இரவு முழுவதும் கடலில் நின்றுவிட்டு ஒரு வெறுந்தேநீரோடு வந்த தம்பி ஒருவன், இரத்தம் கொடுத்ததும் கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தான். உதடு வெளுத்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது, அப்படியே சரிந்தான். தாதி அவனைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்தார். சிறிது நேரத்தில் கண் திறந்து, "மிஸ், என் இரத்தத்தை எடுத்தீர்கள்தானே?" என்று கேட்டான். கண் கலங்கிவிட்டது எனக்கு. இப்படிப்பட்ட பிள்ளைகள் மயங்கி விழக்கூடாது. நன்றாகத் தூங்குங்கள், சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ரமழான் நோன்பிலும் கந்தசஷ்டி விரதத்திலும் இருப்பவர்கள் வேறு நாள் பாருங்கள். கொடுத்தபின் சிறிது நேரம் இருந்து எழும்புங்கள். அன்று கடலுக்குப் போகவோ பாரம் தூக்கவோ வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வைத்தியர் கேட்கும் கேள்விக்கு உண்மையை மறைப்பது. "எப்படியும் பரிசோதிப்பார்கள்தானே" என்று சிலர் நினைக்கிறார்கள். தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் எந்தப் பரிசோதனைக்கும் அகப்படாத ஒரு காலம் உண்டு. அந்த நாட்களில் கொடுத்த இரத்தம், நம்பிப் படுத்திருக்கும் ஒருவரின் உடலில் நோயை விதைத்துவிடும். தனக்கு நோய் இருக்கிறதா என்று அறிவதற்காக இரத்தம் கொடுக்க ஒருபோதும் வராதீர்கள். அதற்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது.

"மகனுக்கு அப்பாவின் இரத்தம்தான் நல்லது" என்பதும் பிழையான நம்பிக்கை. நெருங்கிய உறவின் வெண்குழியங்களை உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி நோயாளியையே தாக்கும் ஆபத்து, அரிதென்றாலும், உண்டு.

கிண்ணியா 2017இல் டெங்குவால் பட்ட பாட்டை மறக்க முடியாது. டெங்கு என்றதும் சிறுதட்டு தேடி வீட்டார் அலைவதும் அன்று முதல் வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை இறங்கியதற்காக மட்டும் அதை ஏற்றுவதில்லை. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதும் உடலுக்குள் இரத்தப்போக்கு ஏற்படுவதுமே உயிராபத்து. எதை ஏற்றுவதென்று வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

இரத்தம் கொடுக்க 18 வயதுக்கு மேல் 60க்குள், குறைந்தது 50 கிலோ எடை, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் இரும்புச்சத்துப் பொருளான ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராம், அடையாள அட்டையும் வேண்டும். ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. முருங்கையிலை, நெத்தலி, பருப்போடு தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். சோறு உண்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. சில மாதம் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள்.