நத்தார் மரத்துக்கு ஃபெல்ட் நட்சத்திரம்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

நத்தார் மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்களைக் கையாலேயே செய்ய விரும்புவோர் ஃபெல்ட் துணியில் தொடங்குவது நல்லது. சாதாரணத் துணி நெடுக்கும் குறுக்குமாக நெய்யப்பட்டிருப்பதால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். அதைத் தடுக்க உட்புறமாகத் தைத்து, பின்னர் புரட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை. கம்பளி ஃபெல்ட்டில், ஆட்டு உரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் சூடு, ஈரம், தேய்ப்பு ஆகிய மூன்றும் சேரும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பொலியஸ்டர் ஃபெல்ட்டில், முள் வைத்த ஊசிகள் இழைகளைத் திரும்பத் திரும்பக் குத்திச் சிக்கவைக்கின்றன. இரண்டிலும் வெட்டிய ஓரம் வெட்டியபடியே நிற்கும். ஆகவே தையலை வெளியில் தெரியும்படி போட்டு, அதையே அலங்காரமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் ஓரத்தை மடித்து மறைக்க வழியில்லாததால், கோணலாக வெட்டினால் அந்தக் கோணல் கடைசிவரை கண்ணில் படும். புதியவர்கள் பெரும்பாலும் தையலை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். கவனம் வேண்டியதோ அதற்கு முந்திய வேலையான வெட்டுதலில்.

கீழே விளக்கப்படுவது, ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீற்றர் அகலமுள்ள, பஞ்சு அடைத்த ஐந்து முனை நட்சத்திரம். இதைக் கற்றுக்கொண்டவர் மணி, மீன், பிறை, மாங்காய் என்று எந்த வடிவத்தையும் இதே முறையில் செய்துவிடலாம்.

பொருள்கள்

கொழும்பில் இருப்போருக்குப் புறக்கோட்டையே வசதி. கெய்சர் வீதியிலும் அதைச் சுற்றியுள்ள குறுக்குத் தெருக்களிலும் துணி, நூல், ரிபன், மணி எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் அங்கே நெரிசலில் நின்று நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இயலாத காரியம் என்பதால், நவம்பரிலேயே ஒரு வார நாள் காலையில் போய்வருவது நல்லது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள புத்தகக் கடைகளிலும் தையல் பொருள் கடைகளிலும் ஏ4 அளவுத் தாள்களாக ஃபெல்ட் கிடைப்பதுண்டு. ஒன்றிரண்டு நட்சத்திரங்களுக்கு அதுவே போதும்.

கடையில் ஃபெல்ட்டை வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் தடித்தும் தெரிந்தால் அது பஞ்சை வெளியே தள்ளிவிடும். இரண்டு விரல்களால் மெதுவாக இழுக்கும்போது இழுபட்ட இடம் திரும்பிச் சுருங்காமல் தொய்ந்தே நின்றால் அதையும் தவிருங்கள். ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு கைத்தையலுக்கு ஏற்றது. மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள விறைப்பான ஃபெல்ட்டில் இரண்டு மடிப்புகளை ஊசியால் துளைப்பதற்குள் விரல் நோகும். மினுக்கம் தூவிய ஃபெல்ட் பார்வைக்கு அழகாக இருந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: தூள் உதிர்ந்து வீடெங்கும் ஒட்டுவதோடு, கத்தரிக்கோலின் கூரையும் மழுக்கிவிடும்.

எம்ப்ராய்டரி நூல் ஆறு இழைகளாக முறுக்கப்பட்டு, பெரும்பாலும் எட்டு மீற்றர் கொண்ட சிறு கண்டாக விற்கப்படுகிறது. நமக்கு இரண்டு இழைகள் போதும். எம்ப்ராய்டரிக்கென்று விற்கும், கண் நீண்ட ஊசிகளை வாங்குங்கள். அவற்றில் எண் கூடக் கூட ஊசி மெலியும், ஏழாம் எண் இந்த வேலைக்குச் சரியாக இருக்கும். உள்ளே அடைக்க, தலையணைகளுக்குப் பயன்படும் பொலியஸ்டர் பஞ்சு. மருந்துக் கடைப் பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். கொழும்புக் காற்றின் ஈரப்பதத்தில் அது பூஞ்சணம் பிடிக்கவும் கூடும். இவை தவிர மூன்று மில்லிமீற்றர் அகல ரிபன், குண்டூசி, செலோடேப், துணிக்கு மட்டுமே பயன்படும் கூரான சிறு கத்தரிக்கோல் ஆகியவை தேவை. கீழே சொல்லும் மெல்லிய மாதிரிக் கடதாசியைத் தவிர, அதே கத்தரிக்கோலால் வேறு கடதாசியை வெட்ட வீட்டில் எவரையும் அனுமதிக்காதீர்கள்.

மாதிரி மட்டை

பிஸ்கட் பெட்டி அல்லது பற்பசைப் பெட்டியின் மட்டையில் கவராயத்தால் ஐந்து சென்டிமீற்றர் ஆரையுள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். பாகைமானியால் 72 பாகைக்கு ஒன்றாக ஐந்து புள்ளிகளை அதில் குறியுங்கள். அதே மையத்தில் இரண்டரை சென்டிமீற்றர் ஆரையுள்ள இன்னொரு வட்டத்தை வரைந்து, வெளிப்புள்ளிகளுக்குச் சரிநடுவே, அதாவது 36 பாகை தள்ளி, மேலும் ஐந்து புள்ளிகளைக் குறியுங்கள். வெளிப்புள்ளியையும் உட்புள்ளியையும் மாறி மாறி இணைத்தால் நட்சத்திரம் கிடைத்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் கை எடுக்காமல் ஒரே கோட்டில் வரையும் நட்சத்திரத்தை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்கலாம். அதில் உட்புள்ளிகள் மையத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ 1.9 சென்டிமீற்றர் தூரத்தில் விழுவதால் நட்சத்திரத்தின் கைகள் ஒடுங்கிக் கூராகிவிடும். அவற்றுக்குள் பஞ்சு போகாது, இரு பக்கத் தையல்களும் ஒன்றையொன்று முட்டும். முனைகளைப் பென்சிலால் சற்றே வட்டமாக்கிவிட்டால் தையல் இன்னும் இலகுவாகும்.

வெட்டுதல்

வெளிர் நிற ஃபெல்ட்டில் பென்சிலால் மெல்லிய கோடு போடலாம். கடுஞ்சிவப்பு, கடும்பச்சை ஆகியவற்றில் பென்சில் தெரியாது. குளியலறையில் தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டின் ஓரத்தால் வரைந்தால் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும், பிறகு தட்டிவிட்டால் போய்விடும். பேனாவைத் தொடவே வேண்டாம், மை இழைகளுக்குள் ஊறிப் பரவும்.

மட்டையைச் சுற்றி வரையும்போது ஃபெல்ட் நகர்ந்து கோடு பிசகுவது இயல்பு. இதைத் தவிர்க்க, நட்சத்திரத்தை மெல்லிய கடதாசியில் வரைந்து, அக்கடதாசியை ஃபெல்ட்டின் மேல் வைத்து, கோடுகளை மூடும்படி செலோடேப்பை ஒட்டி, மூன்றையும் சேர்த்தே வெட்டுங்கள். வெட்டி முடிந்ததும் டேப்பை மெதுவாக உரித்துவிடலாம். சிறிய வடிவங்களை வெட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வெட்டும்போது கத்தரிக்கோலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு துணியைத் திருப்புங்கள். அலகின் நுனியால் கொறித்துக் கொறித்து வெட்டினால் ஓரம் படிபடியாகிவிடும். அலகின் நடுப்பகுதியால் நீளமாக வெட்டுங்கள். உள்மூலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே ஒரு பக்கத்திலிருந்து வந்து மூலையில் நிறுத்தி, கத்தரிக்கோலை வெளியே எடுத்து, மறுபக்கத்திலிருந்து வந்து அதே புள்ளியில் சந்தியுங்கள். மூலையில் கத்தரிக்கோலைத் திருப்ப முயன்றால் வெட்டு உள்ளே ஓடிவிடும், அதை ஒட்டவைக்க வழியில்லை. இரண்டு துணிகளை ஒன்றாக வைத்து வெட்டுவதும் வேண்டாம். கீழ்த்துணி எப்போதும் சற்று நகரும். ஓர் ஏ4 தாளில் ஆறு துண்டுகள், அதாவது மூன்று நட்சத்திரங்களுக்கான துணி, வசதியாகக் கிடைக்கும்.

முகப்பு வேலை

இரண்டு துண்டுகளையும் இணைக்கும் முன்பே முன்துண்டின் அலங்காரம் முழுவதையும் முடித்துவிட வேண்டும். இணைத்த பிறகு மணி தைக்க முயன்றால் முடிச்சுகள் பின்பக்கத்தில் அசிங்கமாகத் தெரியும்.

மையத்திலிருந்து ஒவ்வொரு முனையை நோக்கியும் பின்தையலால் ஒரு கோடு, அதன் முடிவில் ஒரு சிறு மணி, இவ்வளவே போதும். பின்தையலில் ஊசி ஒரு தையல் நீளம் முன்னே போய் மேலெழும்பி, முந்தைய தையல் முடிந்த துளைக்கே திரும்பி இறங்கும். மூன்று மில்லிமீற்றர் நீளம் அளவாக இருக்கும். மணிகளை நூலை இருமுறை ஓட்டித் தையுங்கள். பசையால் ஒட்டிவிடலாமே என்ற எண்ணம் எழும். ஆனால் வெள்ளைப் பசை மெல்லிய ஃபெல்ட்டில் ஊறி மறுபக்கம் கறையாக இறுகிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடாயின் மணியை விட்டுவிட்டு, நூலை ஊசியில் இருமுறை சுற்றி இறக்கும் பிரெஞ்சு முடிச்சுகளைப் போடுங்கள். மணி கழன்றால் அது குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

ஓரத் தையல்

பதினைந்து சென்டிமீற்றர் ரிபனை இரண்டாக மடித்து, அதன் இரு நுனிகளையும் பின்துண்டின் உட்பக்கத்தில் ஒரு முனையின் மேல் ஒரு சென்டிமீற்றர் உள்ளே வரும்படி வைத்து, நான்கைந்து சிறு தையல்களால் பிணையுங்கள். அதன் மேல் முன்துண்டை வைத்து இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள்.

நூலை ஐம்பது சென்டிமீற்றருக்கு மேல் வெட்டாதீர்கள். நீண்ட நூல் சிக்கும், ஃபெல்ட்டில் உராய்ந்து பிசிறும். ஆறு இழைகளிலிருந்து இரண்டைப் பிரிக்கும்போது ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி இழுத்து எடுத்துப் பின் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக இழுத்தால் மற்ற நான்கும் முடிச்சாகிவிடும்.

ஓரத்துக்கு ப்ளாங்கெட் தையல். முடிச்சுப் போட்ட நூலை இரண்டு துண்டுகளுக்கும் இடையிலிருந்து தொடங்கி, ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீற்றர் உள்ளே முன்துண்டின் வழியாக வெளியே எடுங்கள். முடிச்சு உள்ளே மறைந்துவிடும். ஊசியைப் பின்பக்கம் கொண்டுபோய் இரு துண்டுகளையும் ஊடுருவி அதே துளையில் முன்னே எடுத்து, ஓரத்தில் விழுந்த அந்த நூலின் கீழாக ஊசியை ஒருமுறை நுழைத்து இறுக்குங்கள். இப்போது ஓரம் உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, வலக்கைப் பழக்கமுள்ளவர் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். நான்கு மில்லிமீற்றர் வலப்பக்கம் தள்ளி, நான்கு மில்லிமீற்றர் உள்ளே, முன்னிருந்து பின்னுக்கு ஊசியை இறக்குங்கள். ஊசி நுனி ஓரத்துக்குக் கீழே தலைகாட்டும்போது, தொங்கும் நூல் அந்த நுனிக்கு அடியில் கிடக்க வேண்டும். அப்படியே உங்களை நோக்கி இழுத்தால் ஓரத்தில் ஒரு கோடும் அதற்குச் செங்குத்தாக ஒரு காலும் விழும். இதையே தொடர்ந்து செய்துகொண்டு போவதுதான் முழுத் தையலும்.

நூலை இழுக்கும் பலத்தை விரல் கற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும். ஓரம் சுருங்கி உள்ளே மடிந்தால் இழுவை அதிகம். ஓரத்துக் கோடு காற்றில் தொங்கினால் குறைவு. நூல் ஃபெல்ட்டின் விளிம்பில் சாய்ந்து படுத்திருந்தால் சரி. வெட்டிய மீதித் துண்டுகளில் ஒரு சாண் தூரம் பழகிவிட்டு நட்சத்திரத்துக்கு வருவது நல்லது.

வெளிமுனைகளில் ஒரே துளைக்குள் மூன்று தையல்கள் போடுங்கள்: ஒன்று முனைக்கு முன், ஒன்று நேராக முனையில், ஒன்று முனைக்குப் பின். அப்போதுதான் நூல் முனையிலிருந்து வழுக்காது. உள்மூலையில் ஒரே ஒரு தையல், நேராக மையத்தை நோக்கி. நட்சத்திரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 33 சென்டிமீற்றர். இத்தையலுக்கு அதன் மூன்று முதல் மூன்றரை மடங்கு நூல் செல்லும். ஐம்பது சென்டிமீற்றர் நூல் மூன்று வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சை எல்லாம் தைத்து முடித்த பின் ஒரு துவாரத்தின் வழியாகத் திணிக்கப் பார்க்காதீர்கள். ஒரு கை தைத்து முடிந்ததும் அந்தக் கையை நிரப்பி, பிறகு அடுத்ததற்குப் போங்கள். பஞ்சைச் சுண்டுவிரல் நகமளவு துணுக்குகளாகப் பிய்த்து, பென்சிலின் மழுங்கிய முனையால் மெல்லத் தள்ளுங்கள். பெரிய உருண்டையாகத் தள்ளினால் முனை வெறுமையாகவே இருக்க, நடுவில் மட்டும் கட்டி தெரியும். தட்டையாக, இட்லி அளவுக்குக்கூட உப்பாமல் இருப்பதே அழகு. அதிகமாக அடைத்தால் கைகள் ஒன்றையொன்று விலக்கி முறுக்கிக்கொள்ளும். கடைசிப் பக்கத்தை மூடி, நூலை முதல் தையலின் கீழ் ஒருமுறை முடிந்து, ஊசியை நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் விட்டு மூன்று சென்டிமீற்றர் தள்ளி வெளியே எடுத்து, ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மீதித் துணியில் மாவிலை

பச்சை ஃபெல்ட் மீதமிருந்தால் தைப்பொங்கலுக்கும் வேலை இருக்கிறது. பதினாறு சென்டிமீற்றர் நீளமும் நாலரை சென்டிமீற்றர் அகலமும் கொண்ட மாவிலைகளை ஒற்றைத் துண்டாக வெட்டி, நடுநரம்பை மஞ்சள் நூலால் பின்தையலில் போடுங்கள். பக்க நரம்புகள் எதுவும் வேண்டாம், நடுநரம்பே இலையைக் காட்டிவிடும். மேல்முனையில் இரண்டு சென்டிமீற்றரை முன்கூட்டியே அகலமாக விட்டுவைத்து, அதைக் கயிற்றின் மேல் மடித்துத் தைத்தால் வாசலுக்குத் தோரணம் ஆயிற்று. பொங்கல் அன்று வாசலில் உண்மையான மாவிலையே இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வாதிட வேண்டாம். மாமரமே கண்ணில் படாத தொடர்மாடிக் குடியிருப்பில் இது கூடத்துச் சுவருக்குப் பொருந்தும்.

மாட்டுவதும் எடுத்துவைப்பதும்

பொலியஸ்டர் ஃபெல்ட் சூட்டில் உருகும். சுருக்கம் எடுக்க வேண்டுமாயின் மேலே பருத்தித் துணியை விரித்து, மின்னழுத்தியைக் குறைந்த சூட்டில் ஒருகணம் மட்டும் வையுங்கள். மரத்தில் எல்.ஈ.டி. விளக்குச் சரமாயின் பயமில்லை. பழைய இழை பல்புச் சரங்கள் சூடேறுவதால் அலங்காரம் பல்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மெழுகுவர்த்திக்கு அருகில் தொங்கவிடவே கூடாது. அழுக்குப் படிந்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் ஏறலாம். செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்தாலே தூசும் முடியும் வந்துவிடும்.

ஜனவரியில் கழற்றியதும் அன்றே பெட்டியில் போடாமல், மின்விசிறியின் கீழ் ஒரு பகல் உலரவிட்டு, இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின்னில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டுடன் அடுக்குங்கள். கம்பளி ஃபெல்ட்டாயின் அந்துப்பூச்சி அரிக்கும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம். ஊசிகளையும் அதே டின்னிலேயே போட்டுவையுங்கள். கடற்காற்று வீசும் வெள்ளவத்தைப் பக்கம் வெளியில் கிடக்கும் ஊசி துருப்பிடித்துவிடும், துருவேறிய ஊசி வெள்ளை ஃபெல்ட்டில் விடும் பழுப்புப் புள்ளி போகாது.