எல்லாப் பழியும் கிராம்வெல் தலையிலா? ஆங்கிலக் கிராமத்து சர்ச்சின் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு பழைய சர்ச் இருக்கும். வாசலருகே மேசையில் நாலு பக்கக் கையேடு, சுவரில் இதுவரை பணியாற்றிய குருமார்களின் பட்டியல், ஊர்ப் பெரியவர் யாராவது இருந்தால் இரண்டு மூன்று கதைகள். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த சர்ச்சின் வரலாற்றை எழுதிவிடுகிறவர்கள் அதிகம். அங்கேதான் பிழை நுழைகிறது.

முதல் பிழை, உடைந்து கிடப்பதையெல்லாம், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்துப் போரிட்ட ஆலிவர் கிராம்வெல்லின் படை உடைத்தது என்று எழுதுவது. சஃபோக் மாவட்டத்தின் பிளைத்பரோவில், சதுப்பு நிலத்தின் ஓரமாக நிற்கும் ஹோலி டிரினிட்டி சர்ச்சை எடுத்துக்கொள்வோம். 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் மரக்கூரையில் சிறகு விரித்த தேவதூதர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. பழைய வண்ணம்கூட இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அந்த மரத்தில் ஈய ரவைகள் பாய்ந்த துளைகள் உண்டு. சர்ச்சில் உருவங்களே கூடாது என்ற பியூரிட்டன் பிரிவுப் படைவீரர்கள் தேவதூதர்களைக் குறிவைத்துச் சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கதைக்கு ஆதாரம் இருப்பது போலவும் தோன்றும். சர்ச்சுகளில் உள்ள உருவங்களை அழிக்க அதிகாரம் பெற்ற வில்லியம் டவுசிங் 1644 ஏப்ரலில் அங்கே வந்தார். இருபது தேவதூதர் உருவங்களை இறக்கச் சொல்லி உத்தரவிட்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். ஆனால் சுடச் சொன்னதாக அதில் ஒரு வார்த்தை இல்லை. ரவைகளோ 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளுக்குப் பொருந்துகின்றன. அந்த நூற்றாண்டின் சர்ச் கணக்கிலேயே, ஜாக்டா என்ற காக்கை இனப் பறவைகள் கூரைக்குள் கூடு கட்டித் தொல்லை கொடுத்ததால் அவற்றைச் சுட வெடிமருந்தும் ரவையும் வாங்கிய செலவு இருக்கிறது. ஆக, தேவதூதர்களைத் துளைத்தது ஊர்க்காரர்களின் பறவை விரட்டும் வேலைதான்.

அப்படியானால் சிலைகளை உடைத்தது யார்? பெரும்பகுதி அழிவு ஆலிவருக்கு நூறு ஆண்டு முன்பே நடந்துவிட்டது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், இங்கிலாந்து ரோமின் திருச்சபையிலிருந்து பிரிந்த 1530களில் தொடங்கி வைத்தார்; ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547 முதல், உருவங்களை அகற்றும் ஆணைகள் ஊர் ஊராகப் போயின. சுவரோவியங்கள் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்தன. 1640களில் டவுசிங் போன்றவர்கள் அழித்தது அதிலிருந்து மிஞ்சியதை. அதனால் "கிராம்வெல் உடைத்தார்" என்று யாராவது சொன்னால், எந்தக் கிராம்வெல் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அந்த ஊர் சர்ச் வார்டன்களின், அதாவது சர்ச் சொத்தைக் கவனித்த ஊர்க்காரர்களின், வரவுசெலவுக் கணக்கு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வர்ணம் பூசியவனுக்குக் கொடுத்த கூலி, இறக்கிய சிலுவையை விற்ற வரவு எல்லாம் அதில் இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை, எந்தக் கையேட்டையும்விட இந்தக் கணக்குகளே பெரிய சொத்து.

அடுத்தது "எப்போது கட்டியது?" என்ற கேள்விக்கு ஒரே ஆண்டில் பதில் தேடுவது. பெரும்பாலான கிராமத்து சர்ச்சுகள் ஒரே மூச்சில் எழும்பவில்லை. கோபுரம் ஒரு நூற்றாண்டு, நடுக்கூடம் இன்னொன்று, ஜன்னல் மூன்றாவது. பிளைத்பரோவிலேயே கோபுரம் மற்றப் பகுதியைவிட மூத்தது. பொருளின் வயதையும் கட்டடத்தின் வயதையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. டர்ஹம் மாவட்டத்தின் எஸ்கோம் சர்ச் 7ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஆனால் அதன் கற்களில் பல, பக்கத்தில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கோட்டையிலிருந்து எடுத்து வந்தவை. எசெக்ஸின் கிரீன்ஸ்டெட்டில் ஓக் மரத்துண்டுகளை நிமிர்த்தி நட்டுச் சுவராக்கிய சர்ச் 845ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1990களில் மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, அந்த மரங்கள் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இருநூறு ஆண்டு குறைந்ததால் அந்தச் சுவரின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. முற்றத்தில் நிற்கும் யூ என்ற நீண்ட ஆயுள் கொண்ட ஊசியிலை மரத்தை வைத்து சர்ச்சுக்கு வயது சொல்வதையும் விட்டுவிடலாம். வயதான யூ மரத்தின் நடுப்பகுதி பொந்தாகிவிடும், எண்ண வளையமே இருக்காது.

குருமார் பட்டியல் 1300க்குப் பக்கத்தில் தொடங்கினால் சர்ச்சும் அப்போதுதான் தொடங்கியது என்று எழுதுகிறார்கள். நார்விச் மறைமாவட்டத்தில் ஆயரின் நியமனப் பதிவேடுகள் கிடைப்பதே 1299 முதல்தான். பட்டியல் தொடங்குவது ஏடு தொடங்கும் இடத்தில். 1086இன் டூம்ஸ்டே ஏட்டில் பெயர் இல்லாவிட்டால் சர்ச்சே இல்லை என்பதும் இதே மாதிரிதான். அது நிலத்தையும் வருமானத்தையும் கணக்கெடுத்த ஏடு. சஃபோக்கில் நூற்றுக்கணக்கான சர்ச்சுகளைக் குறித்தவர்கள், கேம்பிரிட்ஜ் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவற்றையே குறித்தார்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பெரிய சர்ச்சா, அப்படியென்றால் பிளேக் வந்து ஊரே அழிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவதும் வழக்கம். கிழக்கு இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமத்து சர்ச்சுகளில் பல, 1348-49இன் கொள்ளைநோய்க்குப் பிறகு, ஆள் குறைந்த காலத்தில் எழுந்தவை. லாவன்ஹம், லாங் மெல்ஃபோர்ட் போன்ற ஊர்களில் துணி வியாபாரத்துப் பணம் அதைக் கட்டியது. இறந்த பின் உத்தரிக்கும் இடத்தில் தங்கள் ஆன்மா படும் பாடு குறைய வேண்டும் என்று வசதியுள்ளவர்கள் உயில் எழுதி வைத்தார்கள். கொடுத்தவர்களின் செல்வமும் பயமும் பக்தியும்தான் அந்த அளவைத் தீர்மானித்தன, வந்து உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கை இல்லை.

கால்மேல் கால் குறுக்கிட்டுப் படுத்திருக்கும் வீரனின் கற்சிலை என்றால் சிலுவைப் போருக்குப் போனவன் என்பார்கள். அது 13, 14ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் பாணி, அவ்வளவுதான். பலிபீடத்துக்கு அருகே தாழ்வாக இருக்கும் சிறு ஜன்னல் தொழுநோயாளிகளுக்காக வைத்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. திருப்பலியின்போது வெளியே கேட்கும்படி மணி அடிக்க அது உதவியிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம்.

கல் பளிச்சென்று தெரியும் உட்சுவரைப் பார்த்து "இடைக்காலம் அப்படியே இருக்கிறது" என்று உருகாதீர்கள். இடைக்காலத்தில் அந்தச் சுவர் காரை பூசி வண்ணம் தீட்டியிருக்கும். விக்டோரியா காலத்துச் சீரமைப்பாளர்கள் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது இருக்கையும் தரை ஓடுகளும் பதித்தார்கள். அந்த வேகத்தைத் தடுக்கத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தடுக்கி விழுவது பதிவேடுகளில். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க 1538இல் ஆணையிட்டவர் மேலே சொன்ன அதே தாமஸ் கிராம்வெல். ஆனாலும் பல ஊர்களில் ஏடு 1558இல்தான் தொடங்குகிறது. 1598இல் பழைய காகித ஏடுகளைத் தோல்தாளில் நகலெடுக்கச் சொன்னபோது, முக்கியமாக எலிசபெத் ராணி பட்டமேறிய ஆண்டிலிருந்து எழுதினால் போதும் என்ற சலுகை இருந்தது. பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொன்று, 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மாறியது மார்ச் 25இல். 1640 மே மாதம் திருமணம், 1640 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் அவசரப்பட்டு எதுவும் நினைக்க வேண்டாம். அந்தப் பிப்ரவரி திருமணத்துக்கு ஒன்பது மாதம் கழித்து வந்தது. ஹார்ட்ஃபோர்ட் மாவட்டத்தின் ஆஷ்வெல் சர்ச் கோபுரச் சுவரில் கொள்ளைநோயைப் பற்றியும், 1361இல் அடித்த பெரும் புயலைப் பற்றியும் லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள். அந்தப் புயல் நம் கணக்கில் 1362 ஜனவரி.

சுவரில் நினைவுக்கல் இருந்தால் உடல் அங்கேதான் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மெட்ராஸில் இறந்து அங்கேயே அடக்கமானவர்களுக்கும் சொந்த ஊர் சர்ச்சில் குடும்பத்தார் கல் வைத்தது உண்டு. கல்லறையைத் தேடுவதற்கு முன் வாசகத்தை முழுதாகப் படியுங்கள்.

கடைசியாக, கையை வைத்துக் கெடுக்கும் தவறுகள். கல்லறை எழுத்து தெரியவில்லை என்று கம்பித் தூரிகையால் தேய்ப்பது, பிளீச் ஊற்றுவது, மாவோ சவர நுரையோ பூசுவது எல்லாம் கல்லுக்குக் கேடு. மேலே படர்ந்திருக்கும் பாசிக்காளான் பல ஆண்டுகளாக வளர்ந்த உயிர், அதைச் சுரண்ட வேண்டாம். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே மங்கிய எழுத்து நிழலோடு எழுந்து தெரியும். சரி, படம் எடுத்தாகிவிட்டது என்றால், அது சர்ச்சின் எந்தத் திசைச் சுவர், எத்தனையாவது ஜன்னலுக்குக் கீழே என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.