ஊருணி பார்க்கப் போனால் வயிற்றையும் கவனியுங்கள்

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளையும், ஊருணி என்னும் ஊர்ப் பொதுக்குளங்களையும் பார்த்துவிட்டு, கிடைத்த இடத்தில் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

மதியச் சாப்பாட்டைக் காரைக்குடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'தி பங்களா' என்ற விடுதியில் வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், விலையும் கூடத்தான். செலவைக் குறைக்க வேண்டுமா? ஊருக்குள் இருக்கும் மெஸ்களுக்குப் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் வறுத்து அரைத்த கோழிக் குழம்பு அங்கேயும் கிடைக்கும்.

ஆனால் செட்டிநாட்டின் உண்மையான ருசி மாலைப் பலகாரத்தில்தான். வெள்ளைப் பணியாரத்தை விட்டுவிடாதீர்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவைக் கரண்டியால் எண்ணெயில் ஊற்றியதும் மெல்ல உப்பி மேலே வரும். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். காரமான மிளகாய்ச் சட்னியோடு சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் பாதி ருசி போச்சு. இனிப்புக்குக் கந்தரப்பம், கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி.

அப்புறம் ஒரு நன்னாரி சர்பத்தோ இளநீரோ குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஊருணிப் படிக்கட்டில் உட்காருங்கள். பிள்ளையார்பட்டியில் கோயிலுக்கு எதிரிலேயே குளம் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் போனால் அங்கிருக்கும் ஊருணியையும் பாருங்கள். சில ஊருணிகள் குடிதண்ணீருக்கென்றே காப்பாற்றப்படுபவை. அதனால் அங்கே கை கழுவ வேண்டாம், செருப்போடும் இறங்காதீர்கள். இலை, காகிதக் கப்பெல்லாம் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.